திங்கட்கிழமை தலைவலி

நெஞ்சுவலிக்காரர்கள் சிலர் மார்பில் சின்னதா ஒரு பிளாஸ்திரி ஒட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதுக்குள்ள இருப்பது நைட்ரோகிளிசரின். ஆமாங்க, டைனமைட்ல போடற அதே சரக்குதான் (பயப்படாதீங்க, வெடிக்காது!).

1847ல் இத்தாலியின் டூரின் நகரில் இதைத் தயாரித்தவர் அஸ்கானியோ சொப்ரேரோ. நாக்கில் துளியூண்டு வச்சுப் பார்த்தார். மண்டையைப் பிளக்கும் தலைவலி! 1867ல் ஆல்ஃபிரட் நோபல் டைனமைட்டுக்குக் காப்புரிமை வாங்கினார். அதுக்கப்புறம் இந்தத் தலைவலி தொழிற்சாலைக்குள் குடிவந்துவிட்டது.

புதுசா வேலைக்குச் சேர்ந்தவருக்கு முதல் சில நாள் உயிர்போகும். அப்புறம் பழகிடும். ஞாயிறு லீவு முடிஞ்சு திங்கள் வந்தால் மறுபடி முதல்லேர்ந்து. காரணம், இது தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் ரத்தத்தில் கலந்து ரத்தக் குழாய்களை விரிச்சுவிடும். தினமும் போனால் உடம்பு பழகிக்கும், விட்டால் மறந்துடும். திங்கட்கிழமைக்குப் பயந்து, லீவு நாளில் தொப்பிப் பட்டையில் கொஞ்சம் தடவிக்கிட்டவங்களும் உண்டு. தலைவலியோடு போகலை, வேலையை விட்டுத் தள்ளி இருந்த நாட்களில் நெஞ்சுவலி வந்து செத்தவர்களும் இருக்காங்க.

1879ல் லண்டன் டாக்டர் வில்லியம் முர்ரெல், இதே பொருள் நெஞ்சுவலிக்குக் கேட்கிறது என்று எழுதினார். ஆனால் விழுங்கினால் பெரும்பகுதியைக் கல்லீரல் சிதைச்சுடும். நாக்குக்கு அடியில் வைத்தால் கொஞ்ச நேரத்துக்குத்தான் வேலை செய்யும். நாள் முழுக்க வேணும்னா? தோல்தான் வழி. நம்ம தோலின் மேலடுக்கு காகிதத்தை விட மெல்லிசு, ஆனால் பெரும்பாலான மருந்துகளை உள்ளே விடாது. நைட்ரோகிளிசரின் மாதிரி சின்னதா, எண்ணெய்ப்பசையா இருக்கிற மூலக்கூறு மட்டும் நுழைஞ்சுடும். முதலில் களிம்பு வந்தது, 1981ல் அமெரிக்காவில் பிளாஸ்திரி வந்தது.

ஒரு நாளைக்கு ஒண்ணு, 24 மணி நேரமும் ஒட்டிக்கோ என்றார்கள். ஒரே நாளில் உடம்பு பழகி, மருந்து கேட்காமப் போச்சு! அதனால இப்போ தினம் 10-12 மணி நேரம் கழற்றி வைக்கச் சொல்றாங்க. பெரும்பாலும் ராத்திரியில். அந்த இடைவெளியில் உடம்பு மறந்துடுமே, அதுக்குத்தான்.

கவனிச்சீங்களா? தொழிலாளியை வதைத்த அதே ஞாயிற்றுக்கிழமை மறதிதான், இன்னிக்கு நோயாளிக்கு மருந்து வேலை செய்யக் காரணம். 1896ல் இதய நோயாளியான நோபலுக்கே டாக்டர்கள் எழுதிக் கொடுத்தது நைட்ரோகிளிசரின்தான். அவர் பெயர் பரிசில் இருக்கு. தங்கள் தோலிலேயே இதையெல்லாம் நூறு வருஷம் முன்னாடி தெரிஞ்சு வச்சிருந்தவங்க பெயர் எதிலும் இல்லை.