பட்டினம் பட்டணமான வழி

உத்திரமேரூர்ப் பக்கத்துப் பெரியவர்கள் "பையன் பட்டணத்துல இருக்கான்" என்றால் சென்னையில் இருக்கிறான் என்று பொருள். பல்லவர் தலைநகரான காஞ்சி கூப்பிடு தூரத்தில் இருந்தும் அதை யாரும் பட்டணம் என்பதில்லை. பட்டினம் முதலில் கடல் வாணிக ஊருக்குரிய சொல். அரசே கரைக்கு வந்து குடியேறிய பிறகுதான் அது தலைநகரைக் குறித்தது. நிகண்டுகள் பாக்கத்தையும் பட்டினத்தையும் நெய்தல் நிலத்து ஊர்களாகவே வைக்கின்றன. சோழமண்டலக் கரையின் மீனவர் இன்றும் பட்டினவர். இவற்றைவிட வலுவான சான்று கடியலூர் உருத்திரங்கண்ணனாரிடம் கிடைக்கிறது. காவிரிப்பூம்பட்டினத்தைப் பட்டினப்பாலையில் பாடிய அவரே பெரும்பாணாற்றுப்படையில் தொண்டைமான் இளந்திரையனின் காஞ்சியையும் பாடினார். காவிரிப்பூம்பட்டினமாகிய புகாரில் கோநகரும் துறையும் ஒன்று. காஞ்சிக்கோ துறை தனியே, நீர்ப்பெயற்று என்ற பெயரில், கடற்கரையில் கிடக்கிறது. அதுவே மாமல்லபுரம் என்பாரும் உண்டு. தொண்டை நாட்டில் அரசு உள்நாட்டிலும் கப்பல் கரையிலுமாகப் பிரிந்தே இருந்தன. 919, 921ஆம் ஆண்டுகளின் குடவோலைக் கல்வெட்டுகளால் புகழ்பெற்ற உத்திரமேரூரும் அந்நாளில் சதுர்வேதிமங்கலம், அதாவது பிராமணர் ஊர்தான். ஊரின் தன்மையைப் பெயரின் ஈறே சொல்லிவிடும் காலம் அது.

கடலே இல்லாத இடங்களிலும் பட்டணம் உண்டே என்று கேட்கலாம். சீரங்கப்பட்டணம் ஆற்றுத் தீவு. இடைக்கால வணிகக் குழுக்கள் உள்நாட்டுச் சந்தை ஊர்களை எறிவீரபட்டணம் என்று அறிவித்தன. வடமொழிப் பத்தனமும் எந்த நகரையும் குறிக்கும். தடை நியாயமானதே. ஆனால் எறிவீரபட்டணங்கள் என் கருத்துக்குத் துணையாகவே நிற்கின்றன: அவற்றைப் பட்டணமாக்கியது கோட்டையல்ல, சரக்கு. தமிழ்க் கரையில் பெருஞ்சரக்கு கடல்வழி வந்தது, அதனால் சொல்லும் கரையோடு ஒட்டியது. "கெட்டும் பட்டணம் சேர்" என்ற பழமொழியும் அரண்மனையை நினைத்துச் சொன்னதல்ல, பிழைப்பை நினைத்துச் சொன்னது.

1639இல் மதராசபட்டினத்தில் கிழக்கிந்தியக் கும்பினி இடம் பெற்றது, பின்னர் கோட்டை கட்டியது. வரி, வழக்கு, படை எல்லாம் மெல்ல மெல்ல அந்தக் கரைக்குப் போய்ச் சேர்ந்தன. செங்கல்பட்டுச் சீமைக்காரன் கச்சேரிக்குப் போனாலும் வேலைக்குப் போனாலும் போகுமிடம் ஒன்றாயிற்று. அடைமொழி உதிர்ந்து வெறும் பட்டணம் நின்றது. அங்கே நல்ல துறைமுகமே இல்லையே என்பது அடுத்த தடை. உண்மைதான்: செயற்கைத் துறைமுக வேலை 1875க்குப் பிறகே தொடங்கியது, 1881 புயல் அதையும் சிதைத்தது. அதுவரை கப்பல்கள் ஆழத்தில் நிற்க, மசூலாப் படகுகள் அலையைத் தாண்டிச் சரக்கு இறக்கின. பட்டினத்துக்கு வேண்டியது இறக்குமிடம், கட்டிய துறையல்ல. தென்னமெரிக்காவின் புவெனஸ் ஐரிஸும் இப்படித்தான். 1580இல் மறுபடி நிறுவப்பட்ட அவ்வூரின் முன்னே ஆற்றுமுகம் ஆழமற்றது. கப்பல்கள் எட்ட நிற்க, படகும் உயர்ந்த சக்கர வண்டியும் சரக்கைக் கரை சேர்த்தன. நல்ல துறை 19ஆம் நூற்றாண்டின் இறுதியில்தான் வந்தது. ஆயினும் அர்ஜென்டினாவின் தலைநகரத்தாருக்கு நாடெங்கும் வழங்கும் பெயர் போர்த்தேன்யோ, அதாவது துறைமுகத்தார். அங்கும் ஊரின் தொழிலே பெயராக முந்திக்கொண்டது. தலைமை பின்னால் வந்து அந்தப் பெயரிலேயே தங்கிவிட்டது.