ஓகில்வி கூட்டறிகுறி

ஓகில்வி கூட்டறிகுறி என்பது பெருங்குடலில் பொருள்சார்ந்த அடைப்பு ஏதுமின்றியே, அடைப்பு ஏற்பட்டாற்போல் அது வீங்கிவிடும் நிலையாகும். இது பெருங்குடல் போலி அடைப்பு எனவும் அழைக்கப்படும். முதியோரிடமும் கடும் நோயுற்றோரிடமும் மிகுதியாகக் காணப்பட்டாலும், சிசேரியன் அறுவைக்குப் பின்னர் இளம் தாய்மாருக்கும் அரிதாக ஏற்படுகின்றது.

பெயரும் காரணமும்

பிரித்தானிய அறுவை மருத்துவர் ஹெனேஜ் ஓகில்வி (1887–1971), 1948 இல் இரு நோயாளிகளைப் பற்றி எழுதினார். இருவருக்கும் வயிற்றின் பின்புற நரம்புகளில் புற்றுநோய் பரவியிருந்தது. பரிவு நரம்புகள் செயலிழந்ததே காரணம் என அவர் கருதினார். துணைப்பரிவு நரம்புகளின் தூண்டல் குறைவதே முதன்மைக் காரணம் என்பது இன்றைய கருத்து. விளக்கம் ஏறத்தாழத் தலைகீழானபோதும் பெயர் நிலைத்துவிட்டது.

சிசேரியனுக்குப் பின்

எந்த வயிற்று அறுவைக்குப் பின்னரும் குடல் சிறிது காலம் அசைவற்றிருப்பது இயல்பு. அது பெரும்பாலும் தானே சரியாகும். ஓகில்வி கூட்டறிகுறியில் வீக்கம் குறையாது வளர்கின்றது. மார்பின் போன்ற அபினி வகை வலிநீக்கிகளும், குருதியில் பொட்டாசியம் குறைவதும் நிலைமையை மோசமாக்கும்.

இதனை அறிவது எளிதன்று. மகப்பேற்றுக்குப் பின் வயிறு பெருத்திருப்பது வழமை. வலியும் அறுவையின் வலியெனவே கொள்ளப்படும். காற்றுப் பிரிவதும் வயிற்றுப்போக்கும்கூட இருக்கலாம் என்பதால், அவற்றை மட்டும் கொண்டு குடல் நலமென முடிவு செய்ய இயலாது.

பெருங்குடலின் தொடக்கமான குருட்டுக்குடலே முதலில் கிழியக்கூடிய இடம். குழாயின் ஆரம் கூடுந்தோறும் அதன் சுவரின் இழுவிசையும் கூடும் என்னும் இலாப்பிளாசு விதியே இதற்குக் காரணம். பெருங்குடலில் மிக அகன்ற பகுதி அதுவே. அதன் விட்டம் 12 செ.மீ.-ஐத் தாண்டினால் ஆபத்து மிகும். வலக் கீழ்வயிற்றில் தொட்டால் வலி, காய்ச்சல், விரைந்த நாடித்துடிப்பு ஆகியன எச்சரிக்கைகள். உண்மையான அடைப்பு இல்லையென்பதை சி.டி. வருடல் உறுதிசெய்யும்.

சிகிச்சை

கிழிவு இல்லையெனில் வாய்வழி உணவை நிறுத்தி, மூக்குவழிக் குழாயிட்டு, உப்புகளைச் சீராக்கி 48 முதல் 72 மணி நேரம் கவனிப்பர். பின்னரும் குறையாவிட்டால் நியோசிட்டிக்மின் மருந்து நாளத்தில் செலுத்தப்படும். 1999 இல் வெளியான ஆய்வொன்றில் இதனைப் பெற்ற 11 பேரில் 10 பேருக்கு வீக்கம் விரைவில் தணிந்தது. போலிமருந்து பெற்ற 10 பேரில் எவருக்கும் தணியவில்லை. இம்மருந்து இதயத்துடிப்பைக் குறைக்கக்கூடும். ஆகவே இதயமின் கண்காணிப்பும் அட்ரோப்பினும் அருகே இருத்தல் வேண்டும். அடுத்த வழி அகநோக்கி மூலம் காற்றை வெளியேற்றுவது. குடல் கிழிந்துவிட்டால் உடனடி அறுவை தேவை.