மன்னார் வளைகுடாவில் மூழ்கிய இரு தீவுகள்

பாம்பனுக்கும் தூத்துக்குடிக்கும் இடையே மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள் உள்ளன என்றே நூல்கள் எழுதிவருகின்றன. எண்ணிப் பார்த்தால் நீருக்கு மேல் நிற்பவை 19. தூத்துக்குடிப் பகுதியின் விலாங்குசல்லியும் கீழக்கரைப் பகுதியின் பூவரசன்பட்டியும் கடலுக்குள் போய்விட்டன.

பவளத்தீவுகளின் பிறப்பைப் பற்றிய கொள்கையைச் சார்லஸ் டார்வின் 1842இல் நூலாக வெளியிட்டார். வெப்பக்கடலில் எரிமலைத் தீவு ஒன்று மெல்லத் தாழ்கிறது. அதன் விளிம்பில் வாழும் பவள உயிரிகள் ஒளியை நாடிச் சுண்ணாம்புக் கூடுகளை மேன்மேலும் அடுக்குகின்றன. இறுதியில் மலை மறைந்து, நடுவே காயலைச் சூழ்ந்த பவள வளையம் எஞ்சுகிறது. 1952இல் பசிபிக் கடலின் எனிவெட்டாக் வளையத்தீவில் துளையிட்டபோது, 1,200 மீட்டருக்கும் கீழே எரிமலைப்பாறை தட்டுப்பட்டது. டார்வினின் ஊகம் உறுதியாயிற்று. நமக்கு அண்மையிலுள்ள இலட்சத்தீவுகளும் கடலடி எரிமலைத் தொடரின்மேல் எழுந்த பவள வளையங்களே.

மன்னார்த் தீவுகள் அவ்வகையின அல்ல. கரையை ஒட்டிய ஆழமற்ற கடலில் வளர்ந்த பவளத்திட்டுகளின்மேல், அலை ஒதுக்கிய மணலும் முருகைக்கல் துண்டுகளும் குவிந்து உருவான தாழ்நிலங்கள் அவை. ஆகவே திட்டே அவற்றின் அடித்தளம். திட்டே அவற்றின் அலைத்தடுப்பு.

அந்தத் திட்டைத்தான் நாம் பெயர்த்தோம். பல்லாண்டுகளாக முருகைக்கல் தோணி தோணியாக வெட்டி எடுக்கப்பட்டுக் கட்டடங்களுக்கும் சுண்ணாம்புக் காளவாய்களுக்கும் சென்றது. இரு தீவுகளும் மூழ்கியதற்கு முதன்மைக் காரணமாக ஆய்வாளர்கள் சுட்டுவது இதனையே. 1986இல் இப்பகுதி கடல்சார் தேசியப் பூங்காவாயிற்று. 2001இல் பவளங்கள் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. கல்லெடுப்பு அடங்கியது, எனினும் கடல்நீர் சூடேறுவதால் 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் பவளங்கள் வெளிறின. தூத்துக்குடிக்கு அருகே சுருங்கிவரும் வான்தீவைக் காக்கச் செயற்கைத் திட்டுகளைக் கடலில் இறக்கவேண்டியதாயிற்று.

டார்வின் கண்டது, நிலம் தாழ்ந்தபோதும் பவளம் உயர்ந்த வரலாறு. மன்னார் காட்டுவது அதன் தலைகீழ்: பவளம் போனபின் நிலமும் போயிற்று. முன்னதற்கு இலட்சக்கணக்கான ஆண்டுகள் வேண்டியிருந்தன. பின்னதற்கு ஒருசில தலைமுறைகளே போதுமாயின. கடல்மட்டம் உயர்வதை மட்டுமே குற்றஞ்சாட்டுவோர், தம் ஊர்ப் பழைய சுவர்களிலுள்ள கல்லையும் ஒருமுறை உற்றுநோக்க வேண்டும்.