கருந்தடங்களின் உறவுமுறை: செஞ்சிப் பாறைகளும் பெல்டூலா யூப்ளோகாவின் வகைப்பாடும்

அவலூர்பேட்டையிலிருந்து செஞ்சி வரை குவிந்து கிடக்கும் பாறைக்குன்றுகளில் மழைநீர் வழியும் தடமெல்லாம் கருத்திருக்கிறது. செஞ்சிக்கோட்டையின் ராஜகிரிக் குன்றின் செங்குத்துச் சரிவிலும் இதே கோடுகள். வெப்பமண்டலத்தின் வெற்றுப் பாறைக்குன்றுகளில் இந்தக் கருமையை உண்டாக்குபவை நீலப்பசும்பாசிகளும், அவற்றோடு பூஞ்சை கூடி உருவாகும் லைக்கன்களும். இத்தகைய தடங்களில் தேடவேண்டிய இனங்களுள் முதன்மையானது பெல்டூலா யூப்ளோகா. பாறை லைக்கனை நிறமும் வடிவமும் கொண்டே பெயரிட்டுப் பட்டியலில் சேர்க்கும் வழக்கம் ஏற்கத்தக்கதன்று என்பதற்கு இந்த ஓர் இனத்தின் வரலாறே போதும்.

லின்னேயஸ் 1753இல் லைக்கன்கள் ஏறக்குறைய அனைத்தையும் ஒரே பேரினத்தில் அடைத்தார். அந்த மரபில்தான் ஸ்வீடன் மருத்துவர் எரிக் அகாரியஸ், அந்நூற்றாண்டின் இறுதியில், இதற்கு லைக்கன் யூப்ளோகஸ் என்று பெயரிட்டார். பழுப்புப் பச்சைச் செதில் என்ற இதன் தோற்றம் எண்டோகார்ப்பான் என்னும் பேரினத்துக்கும் உண்டு. ஹெப்பியாப் பேரினத்தின் செதில்களும் ஏறக்குறைய அப்படியே. எனவே இது ஹெப்பியாவிலும் சிலகாலம் வைக்கப்பட்டது.

மெல்லிய சீவலை நுண்ணோக்கியில் வைத்தால் மயக்கம் தீர்கிறது. எண்டோகார்ப்பானில் இருப்பது பச்சைப்பாசி. ஹெப்பியாவில் இழை வடிவ நீலப்பசும்பாசி. பெல்டூலாவிலோ ஒற்றைச் செல் நீலப்பசும்பாசி. வித்துப்பையிலும் வேறுபாடு உண்டு: ஹெப்பியாவில் பொதுவாக 8 வித்துகள், பெல்டூலாவில் பல பத்துகள். ஆனால் யூப்ளோகா அரிதாகவே கனியுறுப்பு தாங்கும். விளிம்பில் உதிரும் பொடியால் பரவும். ஆகவே களத்தில் கிடைக்கும் மாதிரியில் உட்கூறே முதற்சான்று.

லைக்கனின் பெயர் விதிப்படி பூஞ்சைக்கே உரியது, பாசியை ஏன் சான்றாகக் கொள்ளவேண்டும் என்று கேட்கலாம். பெயர் யாருக்குரியது என்பதைத்தான் விதி சொல்கிறது. எதைக்கொண்டு இனங்காண்பது என்பதை அது கட்டுப்படுத்தவில்லை. பூஞ்சையின் உறவுமுறையைப் பார்த்தாலும் நிறம் வழிகாட்டாது. பெல்டூலாவைத் தனிக் குடும்பமாக 1986இல் ஆய்வாளர் பூடெல் நிறுவினார். அது பின்னர் லைக்கினோமைசீட்ஸ் வகுப்பில் இடம்பெற்றது. 2022இல் வெளியான மரபணுத்தொகுதி ஆய்வு அவ்வகுப்பை விரித்து, மஞ்சள் நிற லைக்கனான காண்டெலாரியெல்லாவின் கூட்டத்தையும் அதனுள் சேர்த்தது. பாறையில் மஞ்சளாகப் படரும் காண்டெலாரியெல்லாவும் கருந்தடத்தில் ஒட்டியிருக்கும் பெல்டூலாவும் இன்று ஒரே வகுப்பு! அருகிலேயே சாம்பல் நிறத்தில் படரும் பெரும்பாலான லைக்கன்களோ லெக்கனோரோமைசீட்ஸ் என்னும் வேறு வகுப்பு. ‘பாறைவாழ்’ என்பது வாழிடத்தைக் குறிக்கும் சொல். உறவுமுறை அதில் இல்லை.

வாழிடக் குறிப்பு வீண் என்று இதற்குப் பொருளன்று. பச்சைப்பாசி கொண்ட லைக்கன்கள் பல ஈரக்காற்றாலேயே ஒளிச்சேர்க்கையைத் தொடங்கிவிடும். நீலப்பசும்பாசி கொண்டவற்றுக்குத் திரவ நீர் வேண்டும். மழை சில மாதங்களோடு நின்றுவிடும் செஞ்சியில் அவை நீர்த்தடத்தைச் சார்ந்திருப்பது இதனால்தான். மாதிரிச் சீட்டில் ‘பாறை மீது’ என்று எழுதி முடிக்காமல் சரிவு, திசை, நீர் வழியும் இடமா என்பதையும் குறிக்கவேண்டும்.

செஞ்சிக்கோட்டை 2025இல் யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற்றுவிட்டது. இனிப் பராமரிப்புப் பணி கூடும். சுவர்க் கற்களையும் பாறைகளையும் வேதிப்பொருள்கொண்டு கழுவும் ஆசையும் கூடும். ஒரு தடத்தில் கைவைக்கும் முன் அங்கிருந்து மாதிரி எடுத்து, சீவல் பார்த்து, உலர்தாவரகத்தில் சேர்ப்பதை அப்பணியின் முதற்படியாக்கவேண்டும்.