இளவட்டக்கல்லும் ஒரு ஜெயில் சக்கரமும்

வீட்டிலேயே ஜிம் வைத்துவிடுவது என்று முடிவெடுத்துவிட்டீர்களா? ரொம்ப சந்தோஷம். கடைக்குப் போனால் சேல்ஸ்மேன் உங்களை முதலில் கொண்டுபோய் நிறுத்துவது ட்ரெட்மில் முன்னால்தான். பர்ஸைத் திறப்பதற்குள் அந்த வஸ்துவின் பூர்வீகத்தைக் கேட்டுவிடுங்கள். அது பிறந்தது ஜெயிலில்!

1818. இங்கிலாந்தில் வில்லியம் க்யூபிட் என்றொரு இன்ஜினீயர். கைதிகள் சும்மா பொழுது போக்குவது அவருக்குப் பொறுக்கவில்லை. நீளமான ஒரு உருளை, அதன் மேல் வரிசையாகப் படிகள். கைதி ஏற ஏறப் படி கீழே இறங்கும். முடிவே இல்லாத மாடிப்படி! ஒரு நாளில் ஆறு மணி நேரம், அதற்கு மேலும் ஏறவிட்டார்கள். சில சிறைகளில் அது தானியம் அரைத்தது, தண்ணீர் இறைத்தது. பல இடங்களில் ஒன்றுமே அரைக்கவில்லை. மனுஷனை மட்டும் அரைத்தது. 1895-ல் சிறைக்குப் போன எழுத்தாளர் ஆஸ்கார் வைல்டும் ஏறியவர்தான். 1898-ல் வந்த சிறைச் சட்டத்தோடு பிரிட்டன் அதற்கு முழுக்குப் போட்டது.

அப்புறம் 1952-ல் அமெரிக்காவில் இதய நோயாளிகளைப் பரிசோதிக்க ராபர்ட் புரூஸ் என்ற டாக்டரும் வேய்ன் குயின்டனும் ஓடும் பெல்ட்டைக் கையில் எடுத்தார்கள். 1968-ல் கென்னத் கூப்பர் 'ஏரோபிக்ஸ்' புத்தகம் எழுத, அதைப் படித்த வில்லியம் ஸ்டாப் என்ற இன்ஜினீயர் வீட்டுக்கான மலிவு மெஷினைச் செய்தார். அன்று தண்டனை, இன்று தவணை!

சரி, டம்பெல்? 1711-லேயே ஜோசப் அடிசன் என்ற ஆங்கில எழுத்தாளர், தினம் காலையில் தன் அறை மூலையில் ஒரு மணி நேரம் டம்பெல் பயிற்சி செய்வதாக எழுதியிருக்கிறார். கோயில் மணியை இழுப்பது மாதிரி இழுக்க வேண்டும், ஆனால் மணி கிடையாது. ஊமை மணி! பெயர் வந்தது அப்படித்தான். வீட்டுக்கார அம்மாவும் அவர் பெண்களும் அந்த நேரத்தில் அறைப் பக்கமே வர மாட்டார்களாம்.

இப்போது நம்மூருக்கு வாங்க. ராஜபாளையத்திலிருந்து தென்காசி போகிற ரோட்டில் புளியங்குடி. எலுமிச்சை மார்க்கெட்டுக்குப் பேர் போன ஊர். மூட்டை ஏற்றி இறக்குகிறவர்களைக் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள்... அவர்களிடம் போய் ஜிம் என்று பேச நமக்கு வாய் வராது. இந்தத் தென்சீமைக் கிராமங்களில்தான் மந்தையிலும் கோயில் முன்னாலும் இளவட்டக்கல் கிடந்தது. உருண்டை, வழவழப்பு. பிடிக்கக் கைப்பிடி கிடையாது, சூட்சுமமே அதில்தான். நூறு கிலோவைத் தாண்டிய கல்லும் உண்டு. குத்துக்காலிட்டு, இரு கையாலும் அணைத்து, முழங்காலுக்கு ஏற்றி, தொடையில் நிறுத்தி மூச்சு வாங்கி, நெஞ்சுக்குக் கொண்டுவந்து, தோளுக்கு ஏற்றிப் பின்பக்கமாகப் போட வேண்டும். இதைத் தூக்கினால்தான் பெண் தருவோம் என்ற வழக்கமும் இருந்தது. கல்யாணக்கல் என்றே அதற்கு இன்னொரு பெயர். நெல்லைச் சீமையின் வடலிவிளையில் பொங்கலுக்குப் போட்டியே வைக்கிறார்கள்.

கவனியுங்கள், அந்தக் கல் யார் வீட்டிலும் இல்லை. பொது இடத்தில் கிடந்தது. தூக்கினாலும் பேச்சு, தூக்காவிட்டாலும் பேச்சு. நாலு பேர் பார்க்கிறார்கள் என்பதுதான் உண்மையான எக்யூப்மென்ட். உங்கள் படுக்கையறை ட்ரெட்மில்லை யார் பார்க்கப்போகிறார்கள்? இரண்டாவது மாதத்தில் ஈரத்துண்டு ஏறிவிடுகிறது.

என்னைக் கேட்டால், ஒரு ஜோடி கர்லாக்கட்டை. இங்கிருந்த வெள்ளைக்கார சிப்பாய்கள் அதைப் பார்த்து அசந்துபோய் ஊருக்குக் கொண்டுபோனார்கள். 1834-ல் டொனால்ட் வாக்கரின் உடற்பயிற்சிப் புத்தகத்திலேயே 'இந்தியன் கிளப்' ஏறிவிட்டது. 1904, 1932 ஒலிம்பிக்கில் அது பதக்க விளையாட்டு! 1932-ல் லாஸ் ஏஞ்சல்ஸில் தங்கம் வென்ற ஜார்ஜ் ராத், வேலையில்லாத மனுஷன். பதக்கத்தை வாங்கிக்கொண்டு ரோட்டில் லிஃப்ட் கேட்டு வீடு போய்ச் சேர்ந்தார் என்பார்கள். நாம்தான் அதைப் பரணில் போட்டுவிட்டோம்.

கரண்ட் வேண்டாம், சர்வீஸ் வேண்டாம். முதலில் எடை குறைந்த ஜோடியாக எடுங்கள், தோள் பழகட்டும். சுற்றத் தெரிந்த ஒரு சிலம்ப ஆசானிடம் பத்து நாள் கற்றுக்கொள்ளுங்கள். மொட்டை மாடி உத்தமம். ஹாலில்தான் என்றால், அண்ணாந்து சீலிங் ஃபேனை ஒரு தடவை பார்த்துவிட்டு ஆரம்பியுங்கள்.