ஆள்கள மாற்றம்

ஆள்கள மாற்றம் என்பது ஓர் இணையத்தளத்தை, தேடுபொறிகளில் அது பெற்றுள்ள தரவரிசை குன்றாதவாறு, வேறோர் ஆள்களப் பெயருக்கு நகர்த்துதல் ஆகும். 2013 இல் தி இந்து தளத்தின் துணை ஆள்களத்தில் தொடங்கிய தமிழ் நாளிதழ், 'இந்து தமிழ் திசை' எனப் பெயர் மாறியபின் தனி ஆள்களத்துக்கு மாறியது இதற்கு எடுத்துக்காட்டாகும்.

வழிமுறை

பழைய பக்கம் ஒவ்வொன்றிலிருந்தும் அதற்கு இணையான புதிய பக்கத்துக்கு 301 எனும் நிலையான வழிமாற்று அமைக்கப்படும். 302 தற்காலிக வழிமாற்றைக் குறிக்கும். எல்லாவற்றையும் முகப்புப் பக்கத்துக்கே திருப்பினால் உட்பக்கங்கள் ஈட்டிய மதிப்பு பெரும்பாலும் இழக்கப்படும். கூகிள் சேர்ச் கன்சோலில் முகவரி மாற்றத்தை அறிவிக்கலாம். அவ்வறிவிப்பு 180 நாட்கள் நீடிக்கும். வழிமாற்றுகளைக் குறைந்தது ஓராண்டு பேணுமாறு கூகிள் பரிந்துரைக்கிறது.

தோல் தொழிலில்

ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை, பேரணாம்பட்டு ஆகிய ஊர்களில் தோல் பதனிடுதலும் காலணி உற்பத்தியும் ஏற்றுமதியைப் பெரிதும் சார்ந்துள்ளன. 2019 நவம்பர் 28 அன்று வேலூர் மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்ட திருப்பத்தூர், இராணிப்பேட்டை மாவட்டங்கள் செயற்படத் தொடங்கின. ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூர் மாவட்டத்தில் சேர்ந்தன. தளத்தை மாற்றும்போது மாவட்டப் பெயரையும் திருத்துதல் நன்று.

மின்னஞ்சல்

வழிமாற்று வலைப்பக்கங்களுக்கு மட்டுமே பொருந்தும், மின்னஞ்சலுக்குரிய எம்.எக்ஸ். பதிவுகளைத் தனியே பேண வேண்டும். காலாவதியான பழைய பெயரை வேறொருவர் பதிவு செய்தால், வெளிநாட்டுக் கொள்வனவாளர் பழைய முகவரிக்கு அனுப்பும் மடல்கள் அவரைச் சென்றடையும். அவர் போலி வங்கிக் கணக்கு எண்ணை அனுப்பிச் சரக்குக்குரிய பணத்தைக் கவர இயலும். எனவே தரவரிசை புதிய தளத்தில் நிலைபெற்ற பின்னரும் பழைய பெயரை ஆண்டுதோறும் புதுப்பித்தல் இன்றியமையாதது.