தலைமுடியை விட மெல்லிய பாதை... அதில் 100 சுற்று சுற்றும் ஒளி! சிலிக்கான் சிப்பில் 'ஒளி வளையம்' எதற்கு?

போடியில் ஏலக்காய் ஏல விலையை மொபைலில் பார்க்கிறார் ஒரு விவசாயி. கம்பத்தில் திராட்சை லோடு ஏறும் வீடியோ வாட்ஸ்அப்பில் சென்னை வியாபாரிக்குப் போகிறது. செல்போன் டவர் வரைக்கும்தான் இது ரேடியோ அலை. அதற்குப் பிறகு பெரும்பாலான தூரத்தை ஃபைபர் கேபிளுக்குள் ஒளியாகவே கடக்கிறது.

டேட்டா சென்டருக்குள் நுழைந்ததும் அந்த ஒளி மறுபடியும் மின்சாரமாக மாற வேண்டும். செம்புக் கம்பியில் வேகமாக ஓடும் தகவல் சூட்டைக் கிளப்பும், கரண்டைத் தின்னும். ஏஐ வந்த பிறகு இந்தச் செலவு எகிறிவிட்டது. 'ஒளியை சிப் வரைக்கும் கொண்டுபோனால் என்ன?' என்ற கேள்விக்கான பதில்களில் ஒன்றுதான் இந்தக் குட்டி வளையம்.

ஒளி வளையம் என்றால் என்ன?

பீஜப்பூர் கோல் கும்பஸில் சுவரோரமாகக் கிசுகிசுத்தால், எதிர்ப்பக்கம் நிற்பவருக்குத் தெளிவாகக் கேட்கும். ஒலி வளைந்த சுவரை ஒட்டியே ஓடுவதுதான் காரணம். 1920களின் தொடக்கத்தில் சர் சி.வி.ராமன் இதை ஆராய்ந்தார். அதே வேலையை ஒளியை வைத்து, சிலிக்கானில் செய்கிறார்கள்.

சுமார் 500 நானோமீட்டர் அகலம், 220 நானோமீட்டர் உயரத்தில் ஒரு சிலிக்கான் பாதை. தலைமுடியின் தடிமனில் நூறில் ஒரு பங்குகூட இல்லை. அதை வட்டமாக வளைத்தால் வளையம் ரெடி. பக்கத்தில், தொடாமல், நேரான இன்னொரு பாதை. வாய்க்காலில் இருந்து குளத்துக்குத் தண்ணீர் கசிவதுபோல, அந்த இடைவெளி வழியாக ஒளி வளையத்துக்குள் கசியும். வளையத்தின் சுற்றளவுக்குள் முழு எண்ணிக்கையில் அடங்கும் அலைநீளம் மட்டுமே உள்ளே தங்கி வலுப்பெறும்.

அதென்ன 'க்யூ'?

ஒளி எவ்வளவு நேரம் உள்ளே தங்குகிறது என்பதற்கான மார்க்தான் 'க்யூ'. 10 மைக்ரோமீட்டர் ஆரமுள்ள வளையத்தின் க்யூ 1 லட்சம் என்றால், ஒளி கசிந்து தீர்வதற்குள் சுமார் 100 சுற்று சுற்றியிருக்கும்.

சிறிதாக்கினால் என்ன சிக்கல்?

வளைவு கூர்மையானால் ஒளி வெளியே தெறிக்கும். சுவரில் சில நானோமீட்டர் சொரசொரப்பு இருந்தாலும் சிதறும். சிறிய அளவு, அதிக க்யூ, ரெண்டும் சேர்ந்து கிடைப்பது கஷ்டம்.

இதற்கு 2003இல் ஜப்பானின் கியோட்டோ பல்கலைக்கழக விஞ்ஞானி சுசுமு நோடாவின் குழு ஒரு வழி காட்டியது. அவர்கள் பயன்படுத்தியது வளையம் அல்ல, வரிசையாகத் துளையிட்ட சிலிக்கான் தகடு. நடுவில் மூன்று துளைகளை மட்டும் போடாமல் விட்டால், அந்த இடம் ஒளிக்கான அறை. அதன் இரு முனையிலும் உள்ள துளைகளைச் சுமார் 60 நானோமீட்டர் வெளியே தள்ளினார்கள். அவ்வளவுதான்... க்யூ பல மடங்கு உயர்ந்து 45,000 ஆனது!

செங்குத்துச் சுவரில் மோதும் தண்ணீர் தெறிக்கும், சரிவான கரையில் ஏறும் தண்ணீர் தெறிக்காது. ஒளியும் அப்படித்தான், மென்மையாகத் தடுத்தால் உள்ளேயே நிற்கும். 2017இல் இதேபோன்ற துளைத் தகடுகளில் க்யூ 1 கோடியைத் தாண்டியது.

அப்போ க்யூ கூடக் கூட நல்லதா?

இல்லை. க்யூ 1 லட்சம் என்றால் உள்ளே போன ஒளி சீக்கிரம் வெளியேறாது. நொடிக்குச் சுமார் 200 கோடி முறைக்கு மேல் அதை அணைத்து ஏற்றுவது சிரமம். வேகமாக டேட்டா அனுப்ப, சில ஆயிரம் க்யூ போதும். நோய்க்கூறுகளைக் கண்டறியும் சென்சாருக்கும் ஃபில்டருக்கும்தான் அதிக க்யூ கைகொடுக்கும்.

கம்பம் வெயில்... மேகமலை குளிர்!

அடுத்த எதிரி வெப்பம். 1 டிகிரி ஏறினாலே சிலிக்கான் வளையம் தேர்ந்தெடுக்கும் அலைநீளம் சுமார் 0.07 நானோமீட்டர் நகரும். க்யூ 1 லட்சமுள்ள வளையம் ஏற்கும் அலைநீள அகலமோ வெறும் 0.015 நானோமீட்டர். கம்பத்து வெயிலில் சரியாக வேலை செய்யும் வளையம், 20 டிகிரி குறைவான மேகமலைக் குளிரில் தன் அலைநீளத்தையே விட்டு விலகிவிடும். அதனால் ஒவ்வொரு வளையத்தின் மேலும் ஒரு குட்டி ஹீட்டர் வைக்கிறார்கள். கரண்டை மிச்சப்படுத்த வந்த வளையத்துக்கே கரண்ட் செலவு! இதைக் குறைப்பதுதான் இப்போதைய பெரிய போட்டி.

தமிழ்நாட்டில் என்ன நடக்கிறது?

சென்னை ஐஐடியில், மத்திய மின்னணு மற்றும் தகவல் தொழில்நுட்ப அமைச்சகத்தின் நிதியில் சிலிக்கான் ஃபோட்டானிக்ஸ் சிறப்பு மையம் இயங்குகிறது. பேராசிரியர் பிஜோய் கிருஷ்ண தாஸ் இதை வழிநடத்துகிறார். மலேசியாவின் சில்டெரா, பெங்களூருவின் இஸ்மோ மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனங்களுடன் மையம் கைகோத்துள்ளது.

உலக அளவில், என்விடியா 2025 மார்ச்சில் இத்தகைய நுண் வளையங்கள் கொண்ட நெட்வொர்க் சுவிட்சுகளை அறிவித்தது. மின்சாரத்தைப் பயன்படுத்தும் திறன் 3.5 மடங்கு கூடும் என்கிறது அந்த நிறுவனம்.

கம்பத்தில் இருந்து போகும் வீடியோவுக்கு மொபைலில் ரீசார்ஜ் செய்வது மட்டும் செலவு அல்ல. கண்ணுக்குத் தெரியாத டேட்டா சென்டர் கரண்ட் பில்லும் அதில் இருக்கிறது. அந்த பில் எவ்வளவு குறையும் என்பதை, 60 நானோமீட்டர் தள்ளிவைப்பது போன்ற சின்னச் சின்ன டிசைன் முடிவுகளும் தீர்மானிக்கும்.